அலையில் கெதி எடுக்க எதை முதலில் பழகுவது?

போன வருடம் ஆவணியில் பொத்துவில் பக்கத்து விஸ்கி பொயிண்டில் நான் சேர்ஃப் பலகையில் அலை ஓடுவதை என் மச்சான் கரையில் நின்று போனில் எடுத்த ஒரு வீடியோ இருக்கிறது. இடுப்பளவு அலை, வலது பக்கமாக நீளத்துக்கு உடைந்துகொண்டு போகிறது. அதில் நான் எழும்பி நிற்கிறேன், நின்ற கையோடு பம்ப் பண்ண (கெதிக்காகக் குந்திக் குந்தி எழும்ப) தொடங்குகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு தரம். ஏழாவதில் பின்னால் வந்த நுரை காலைத் தட்டி விழுத்துகிறது. இரண்டு அலை கழித்து அதே வீடியோவில் பொத்துவில்காரர் ஒருவர் வருகிறார், ஐம்பது வயதிருக்கும், வெயிலில் மஞ்சளாகிப்போன பழைய பலகை. கையைக்கூட ஆட்டாமல் நான் விழுந்த இடத்தைத் தாண்டி இன்னும் அறுபது எழுபது மீற்றர் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பலகையை அக்குளில் வைத்துக்கொண்டு நடக்கிறார். பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் கண்டபோது அவரிடம் கேட்டேன். "தம்பி, நீங்க தையல் மெஷின் மிதிக்கிறீங்க. அலைக்கு மேல ஏறி நில்லுங்க, அது கொண்டுபோகும்" என்றார். பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

திருகோணமலையில் இருந்துகொண்டு சேர்ஃப் பழகுவதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கச்சான் காலத்தில், வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும், உப்புவெளி நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். புறாத்தீவுக்குப் போட்டில் போய் முகமூடி போட்டு மீன் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை, ஆனால் பலகைக்கு வேலையே இல்லை. அதே மாதங்களில்தான் தெற்கே அறுகம்பையில் (பொத்துவில் ஆட்களுக்கு அது உல்லை) அலை வரும். தென்சமுத்திரத்தில் எங்கேயோ வீசின புயலில் பிறந்த அலை இலங்கையின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வளைந்து அங்கே முனைகளில் ஒழுங்காக உடையும், எங்கள் பக்கம் வந்து சேர முன்னரே வலுவிழந்துவிடும். மாரியில் வாடை பிடித்தால் எங்கள் கடலிலும் அலை எழும்பும், ஆனால் காற்றும் கடலில் இருந்து கரைக்கு அடிப்பதால் அது கலங்கி, நீளச் சுவராக வந்து, ஒரே அடியாகக் கவிழ்ந்து விழும். ஆக எனக்குக் கிடைப்பது வருடத்துக்கு உல்லையில் ஒன்பது பத்து நாள், மாரியில் உப்புவெளியில் காற்று கொஞ்சம் ஓய்கிற பத்துப் பதினைந்து காலைப்பொழுது. இதற்குள் எல்லாவற்றையும் பழக முடியாது. எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுத்துத்தான் ஆகவேண்டும்.

இது எழும்பி நிற்கத் தெரிந்து, நுரையை விட்டுப் பச்சை அலையில் (இன்னும் உடையாத அலையில்) ஓரளவு பக்கவாட்டாகப் போகத் தெரிந்து, ஆனால் ஒவ்வொரு முறையும் பின்னால் வரும் உடைவிடம் பிடிபடுகிறவர்களுக்கு. அந்த இடத்தில் மூன்று வருடம் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தெரிவுகள் என்று பார்த்தால் பம்பிங், அலையின் மேல்பகுதியைப் பிடித்துப் போவது, பொட்டம் டேர்ன் (அலையின் அடியில் இருந்து மேலே திரும்புவது), பலகையை மாற்றுவது, இவை நாலும்தான். சேர்ஃப்ஸ்கேட் வாங்கி ரோட்டில் பழகுவது ஐந்தாவது.

முதலில் கொஞ்சம் கணக்கு, பிடிக்காதவர்கள் அடுத்த பந்திக்குத் தாவலாம். அலை அதன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் உடையும். ஒரு மீற்றர் அலைக்கு 1.3 மீற்றர், அதாவது நெஞ்சளவு தண்ணீர். அந்த ஆழத்தில் அலை கரையை நோக்கி ஓடும் வேகம் மணிக்கு 13 கிலோமீற்றர் அளவில் வரும் (ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், ஏ.எல். பௌதிகம்தான்). ஆனால் நாங்கள் கரையை நோக்கி மட்டும் போனால் போதாது, உடைவுக்கு முன்னால் பக்கவாட்டாகவும் போகவேண்டும். அலையின் முகட்டுக்கும் உடைவு விட்டுச்செல்கிற நுரைத் தடத்துக்கும் இடையில் உள்ள கோணம் 60 பாகை என்றால் 15 கிலோமீற்றர் வேகம் போதும், 45 பாகை என்றால் 18 வேண்டும், 30 என்றால் 26 வேண்டும். 15 பாகைக்கு இறங்கிவிட்டால் ஏறத்தாழ 50. பதினைந்து பதினெட்டு என்பது சைக்கிள் வேகம், பழகினால் வரும். 50 என்பது மோட்டார்சைக்கிள். மாரியில் உப்புவெளியில் கவிழ்கிற பல அலைகள் இந்தக் கடைசி வகை, அவற்றில் தப்பிப்போக முடியாமல் போவதற்கு உங்கள் கால் காரணம் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு மாரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, பம்பிங். எல்லோரும் முதலில் ஓடுவது இதற்குத்தான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது இது. வீடியோக்களில் கெட்டிக்காரர்கள் மேலும் கீழுமாகப் பாய்ந்து போகிறார்கள், நாங்களும் குந்தி எழும்பினால் கெதி வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் இது ஊஞ்சல் மாதிரி. சித்திரை வருடப்பிறப்புக்கு மரத்தில் கட்டின ஊஞ்சலில் நின்று ஆடினவர்களுக்குத் தெரியும், எந்த நேரத்தில் குந்தி எந்த நேரத்தில் எழும்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேரம் பிசகினால் எவ்வளவு உந்தினாலும் ஊஞ்சல் நின்ற இடத்தில் தள்ளாடும். அலையிலும் அப்படித்தான்: கீழே குந்தியிருந்து, பலகை மேலே திரும்பி ஏறும்போது கால்களால் தள்ளி நிமிர வேண்டும், உச்சியில் முழங்காலை மடக்கிப் பலகையின் மேலுள்ள பாரத்தைக் குறைக்க வேண்டும், இறங்கும்போது முன்காலில் பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டும். உச்சியில் பாரமில்லாமல், இறங்கும்போது பாரத்தோடு. இதற்கு ஏறவும் இறங்கவும் ஒரு செங்குத்துச் சுவர் தேவை. நான் விஸ்கி பொயிண்டில் செய்தது, அலையின் அடியில், கிட்டத்தட்டத் தட்டையான தண்ணீரில் நின்று குந்தி எழும்பினது. அங்கே ஏறவும் ஒன்றும் இல்லை, இறங்கவும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தரமும் பின்காலால் மிதித்தபோது பலகையின் வால் தாழ்ந்து, மூக்கு எழும்பி, பிரேக் பிடித்த மாதிரிதான் ஆனது. ஏழு தரம் பிரேக் பிடித்திருக்கிறேன்!

அதற்காகப் பம்பிங் வீண் என்று சொல்லவில்லை. முன்னால் ஒரு நீளப் பகுதி உடையப்போகிறது, இருக்கிற வேகத்தோடு அதைத் தாண்ட முடியாது, இரண்டு நல்ல பம்ப் அடித்தால் தாண்டலாம் என்ற இடத்தில் அதற்கு ஈடு வேறொன்றும் கிடையாது. அறுகம்பை மெயின் பொயிண்டில் அப்படி இரண்டு மூன்று இடம் வரும். ஆனால் நேரம் பிடிபட எனக்குப் போனது இரண்டு சீசன், அதுவும் மேல்பகுதியில் நிற்கப் பழகின பிறகுதான் பிடிபட்டது. வலதுகாலை முன்வைத்து நிற்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். உல்லைப் பக்கத்துப் பேர்பெற்ற அலைகள் வலது பக்கம் உடைபவை, அவர்கள் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பம்ப் பண்ணவேண்டும், உடம்பு அந்தப் பக்கம் அவ்வளவு லேசாக மடங்காது. குறைந்த நாட்களே கையில் இருப்பவர் முதல் தெரிவாக இதை எடுத்தால் அந்த நாட்கள் கரைந்துவிடும் என்பது என் எண்ணம்.

பொத்துவில்காரர் சொன்னதுதான் இரண்டாவது தெரிவு. அலைச் சுவரை மூன்றாகப் பிரித்தால் மேலே உள்ள பகுதி, முகட்டுக்குக் கொஞ்சம் கீழே. இதை மேல்கோடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே நின்றால் ஏன் கெதி வருகிறது? உயரத்தில் நிற்பதால் இறங்குவதற்கு இடம் மிச்சம் இருக்கிறது, அது ஒன்று. அதைவிட முக்கியமானது, அலை முன்னேறி வரும்போது அதன் முகத்தில் தண்ணீர் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. பலகை சரிவில் கீழே வழுக்குகிறது, தண்ணீர் அதை மேலே தூக்குகிறது. கொழும்பில் மேலே ஏறுகிற எஸ்கலேட்டரில் கீழ்நோக்கி இறங்கி அம்மாவிடம் அடி வாங்கினவர்களுக்கு இது புரியும், எவ்வளவு இறங்கினாலும் அதே உயரத்தில் இருப்போம். அலையிலும் இறக்கம் தீர்ந்துபோவதில்லை, அதனால்தான் அந்த மனிதர் கையை ஆட்டாமலேயே அவ்வளவு தூரம் போனார். அடியில் போய்விட்டால் அந்த இறக்கம் முடிந்துவிட்டது, கையில் இருக்கும் வேகத்தைச் செலவழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. உடைகிற மூலைக்குக் கிட்ட சுவர் ஆகச் செங்குத்தாக இருக்கும், வலுவும் அங்கேதான். பயத்தில் நாங்கள் அதை விட்டுத் தூர ஓடுகிறோம். தூர ஓடினால் தட்டையான இடம், அங்கே பலகை நின்றுபோகும், நின்றதும் உடைவு வந்து பிடிக்கும். பயந்து ஓடினதாலேயே பிடிபடுகிறோம்.

இதைப் பழக ஆரம்பித்தது எழும்பி நின்ற பிறகு அல்ல, அதற்கு முன்னர். நேரே கரையைப் பார்த்து இறங்கினால் அடிவரை போய்த்தான் திரும்ப முடியும், அதற்குள் அலை போய்விடும். ஆகவே கடைசி இரண்டு தரம் கையால் தண்ணீரை வலிக்கும்போதே பலகையின் மூக்கை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி, கண்ணையும் வலப்பக்கச் சுவரில் வைத்து, அங்கே பார்த்தபடியே எழும்ப வேண்டும். கண் போகிற பக்கம் தோள் போகும், தோள் போகிற பக்கம் பலகை போகும். அடுத்தது பாதம். என் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது முன்கால் பலகையின் நடுவுக்கும் பின்னால் இருந்தது தெரிந்தது. அடுத்த நாள் காலையில் முன்பாதத்தை நாலு விரற்கடை முன்னே வைத்தேன், அவ்வளவுதான். முதல் அலையில் மூக்கு குத்தி விழுந்தேன். இரண்டாவதிலும் விழுந்தேன். மூன்றாவதில் பலகைக்கு அடியில் இருந்து ஒரு சத்தம் கேட்டது, புது பொலித்தீனைக் கிழிக்கிற மாதிரி, அதுவரைக்கும் நான் கேட்டிராத சத்தம். பலகை தண்ணீரை உழுதுகொண்டு போவதை விட்டு, அதன்மேல் ஏறி வழுக்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பிறகு விளங்கியது. அந்த அலையில் பம்ப் என்று ஒன்றும் அடிக்கவில்லை. நுரை என்னைப் பிடிக்கவும் இல்லை, பலகையின் முனையில் வெயில் பட்டு மினுங்கியதைப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

இதிலும் குறை உண்டு. மேலே அதிகம் ஏறிவிட்டால் பலகை முகட்டைத் தாண்டி அலையின் பின்பக்கம் நழுவிவிடும், அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். குழிவாகக் கவிழ்கிற அலையில் முகடு தலையில் இறங்கி உங்களைக் கீழே எறியும். மேல்கோட்டிலேயே நின்றுகொண்டிருப்பது பார்க்க அவ்வளவு விசேஷமாகவும் இருக்காது, போட்டோவுக்கு ஆகாது. என்றாலும் இது இரண்டு மூன்று நாளில் பலன் தரும், எந்தக் காலை முன்வைத்தாலும் சரி, எந்தப் பலகையானாலும் சரி. லோங்போர்ட்காரர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஒன்பது அடிப் பலகையைப் பம்ப் பண்ணுவது வள்ளத்தைக் குலுக்குவது மாதிரி, அதில் கெதி வேண்டும் என்றால் முன்னே இரண்டடி நடக்க வேண்டும், குறைக்க வேண்டும் என்றால் பின்னே வரவேண்டும்.

பொட்டம் டேர்ன் பற்றி எழுதப் போனால் அது தனிக் கட்டுரையாகும். சுருக்கமாக, இறங்கி வந்த வேகத்தை வீணாக்காமல் மேலே திருப்புவது அது. அலை தலையளவுக்கு மேல் இருந்தால் இதுதான் எல்லாவற்றுக்கும் அத்திவாரம். இறங்கும்போதே குந்தி, பலகையின் விளிம்பைத் தண்ணீரில் பதித்து, பின்கையால் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, போகவேண்டிய இடத்தைப் பார்த்தபடி நிமிர்ந்தால் ஒரு தள்ளு கிடைக்கும். விளிம்பு பதியாமல் வாலை மட்டும் இழுத்துத் திருப்பினால் அது சறுக்கிச் சீய்த்து, இருந்த வேகத்தையும் தின்றுவிடும். ஆனால் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இடுப்பளவு அலை, அதில் அடிவரை இறங்கி முழு வளைவு போட்டால் திரும்பி ஏறும்போது அலை முடிந்திருக்கும். சின்ன அலையில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கியதும் திருப்பிவிட வேண்டும், அரைவாசி பொட்டம் டேர்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்கோடு பிடிபட்ட பிறகு இது தானாகக் கொஞ்சம் வரும். எனக்கு வந்தது அப்படித்தான்.

இனிப் பலகை. இதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பம் அதிகம், ஏனென்றால் காசை விட்டது இதில்தான். என் எடை 68 கிலோ. பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் ஐந்தடி பத்தங்குலத்தில் 27 லீற்றர் (பலகையின் கனவளவை லீற்றரில்தான் சொல்வார்கள்) பலகை ஒன்றைக் காட்டி, "இதுதான் இப்ப எல்லாரும் ஓடுறது, உங்களுக்கு அளவு" என்று தலையில் கட்டிவிட்டார்கள். மெல்லியது, மூக்கு நன்றாக வளைந்தது, வாலுக்கு அடியில் மூன்று செட்டை, பார்க்க அம்பு மாதிரி. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் வால்பக்கம் ஓட்டைக்குப் பசை பூசி மறைத்திருந்தது, அது வேறு கதை. அந்த அளவுப் பலகை என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரர்களுக்கு, என்னைவிட எவ்வளவோ நல்ல அலைக்கு. மெல்லிய பலகை தாழ்ந்து மிதக்கும், அலையைப் பிடிக்கவே பிந்தும், பிந்தி எழும்பினால் நேரே அடிக்குத்தான் போவோம், அடிக்குப் போனால் முன்னர் சொன்னதுதான் நடக்கும். வளைவு கூடின பலகை செங்குத்து அலையில் மூக்குக் குத்தாமல் இறங்கும், ஆனால் தட்டையான இடத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், வழுக்காது.

அடுத்த சீசனில் ஒரு நாளைக்கு 35 லீற்றர் ஃபிஷ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அகலம், தட்டை, வால் மீன் வால் மாதிரிப் பிளந்தது, இரண்டு செட்டை. ஃபிஷ் என்பது 1967ல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் முழங்காலில் இருந்து ஓடுவதற்காகச் செய்த பலகை, நின்று ஓடுகிறவர்கள் பிறகுதான் அதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு செட்டைப் பலகையில் ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நாலு தரம் உலகச் சம்பியனானார். ஆனால் பெரிய செங்குத்து அலையில் இரண்டு செட்டை வழுக்கும், பிடிப்புப் போதாது. அந்தக் குறைக்காகத்தான் சைமன் அண்டர்சன் நடுவில் மூன்றாவது செட்டையைச் சேர்த்து, 1981ல் பெரிய அலை வந்த பெல்ஸ் பீச்சில் வென்று காட்டினார். அதற்குப் பிறகு உலகமே மூன்று செட்டைக்கு மாறியது. இந்தச் சரித்திரம் ஏன் என்றால், தெரிவு இதிலேயே இருக்கிறது: நடுச் செட்டை பிடிப்பைக் கொடுத்து வேகத்தில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. மூன்று செட்டைப் பலகை பம்ப் பண்ணி, வளைத்து ஓட்டினால்தான் உயிர்பெறும். இரண்டு செட்டை ஃபிஷ் சும்மா நின்றாலே ஓடும். எங்களுக்குக் கிடைக்கும் இடுப்பளவு அலைக்கும் என்னுடைய திறமைக்கும் எது பொருத்தம் என்று இனிச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் பலகையை மாற்றுவதுதான் முதல் தெரிவா என்று கேட்டால், உங்கள் பலகை உங்களுக்குச் சின்னது என்றால் ஆம், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் பலகையில் நெஞ்சைப் போட்டுப் படுக்கும்போது அதன் மேல்தளம் முழுதாகத் தண்ணீருக்குள் போகிறதா, அலையைப் பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களைவிட எப்போதும் பிந்துகிறீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் பாதத்தை எங்கே வைத்தாலும் சரிவராது. இல்லை என்றால், கடனை வாங்கிப் பலகை மாற்ற வேண்டாம், பாதத்தை மாற்றுங்கள். நான் ஃபிஷ்ஷில் போன முதல் நாள் எனக்குத் திடீரென்று சேர்ஃப் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய பலகையில் ஏறினதும் தெரியவில்லை. பிறகு மேல்கோட்டைப் பழகி, அதே 27 லீற்றரில் ஒரு நல்ல நாளில் ஓடினேன், அப்போது அது நல்ல பலகையாகத்தான் இருந்தது. நான் அதை விற்றுவிட்டேன் என்றாலும்.

சேர்ஃப்ஸ்கேட் விஷயம் சின்னது. முன்சில்லு நன்றாகத் திரும்பும்படி செய்த ஸ்கேட் பலகை அது, காலால் நிலத்தை உந்தாமலே உடம்பைத் திருப்பித் திருப்பி ஓடலாம். நண்பன் ஒருவனின் பலகையில் டச்சுக் குடாப் பக்கத்து ரோட்டில் விடியப்புறம் பழகினேன், கோட்டைப் பக்கத்து மான்கள் நடுரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும், விலகவும் மாட்டாது. தலை, தோள், இடுப்பு என்ற ஒழுங்கில் உடம்பைத் திருப்ப அது பழக்கும், பம்பிங்கின் தாளமும் ஓரளவு பிடிபடும். ஆனால் ரோடு அசையாது. எங்கே உடையும், எப்போது தட்டையாகும் என்று பார்க்கத் தேவையில்லாத இடத்தில் பழகினது கடலில் பாதிதான் கூடவரும். இன்னொன்று, ரோட்டில் பின்காலால் உந்தினாலும் ஓடும், அந்தப் பழக்கம் கடலுக்கு வந்தால் திரும்பவும் பிரேக். இரவல் கிடைத்தால் ஏறுங்கள், கடலே இல்லாத பங்குனி சித்திரையில் உடம்பு மறக்காமல் இருக்க நல்லது. வாங்குவதற்குக் காசு சேர்ப்பவராக இருந்தால் அதை உல்லைக்கு இன்னும் மூன்று நாள் தங்கச் செலவழிக்கச் சொல்வேன்.

எடுத்த வேகத்தை வைத்திருப்பது வேறு வித்தை, இதைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. மேல்கோடு பிடிபட்டதும் எனக்கு வந்த அடுத்த வருத்தம், அளவுக்கு மிஞ்சி ஓடுவது. உடைவை விட்டு இருபது மீற்றர் முன்னுக்குப் போய், அலையின் தட்டையான தோளில் நின்று, வேகம் செத்து, அலை அடியால் கடந்துபோகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படித் தூரம் போனால் திரும்பி உடைவை நோக்கி வரவேண்டும், கட்பேக் என்பது அதற்குத்தான், அழகுக்கு இல்லை. முழு வட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முன்காலில் இருந்து பாரத்தைக் கொஞ்சம் எடுத்து, உடம்பைப் பின்பக்கம் திருப்பி அரைவாசி வளைந்தாலே அலையின் வலுவுள்ள மூலை உங்களிடம் வந்து சேர்ந்துவிடும்.

அதேபோல, முன்னால் ஒரு பகுதி உங்களுக்கு முந்தி உடைந்துவிட்டால் மேலால் போவதா கீழால் போவதா என்ற கேள்வி வரும். இன்னும் உடையவில்லை, உடையப் பார்க்கிறது என்றால் மேலால், முகட்டை ஒட்டி ஆக வேகமான கோட்டில் போகலாம். உடைந்து நுரை இறங்கிவிட்டது என்றால் மேலால் போக எண்ணவே வேண்டாம். மேலே சேர்த்து வைத்த உயரத்தை அப்படியே கீழே விட்டு, நுரைக்கு முன்னால் தட்டையில் ஓடி, அது முடிகிற இடத்தில் திரும்ப ஏற வேண்டும். நான் இரண்டுக்கும் நடுவால் போவேன், தயக்கத்தில். நடுவால் போனால் நுரை சரியாக முழங்காலில் அடிக்கும்.

மாரியில் உப்புவெளியில் மட்டும் ஓடுகிறவர்களுக்கு என் ஒழுங்கு மாறும். அங்கே அலையில் கிடைப்பது நாலைந்து செக்கன். மேல்கோட்டில் பொறுமையாக நிற்க அலை நேரம் தராது, பொட்டம் டேர்ன் போட்டுத் திரும்பினால் திரும்பின இடத்தில் அலை இல்லை. அங்கே சரித்து எழும்புவது (முன்னர் சொன்னபடி மூக்கைப் பக்கவாட்டாகத் திருப்பி எழும்புவது) ஒன்றுதான் முழுக் காசுக்கும் பெறுமதி, அதோடு எழும்பின கையோடு ஒரே ஒரு பம்ப். பம்பிங்கை முன்னுக்குக் கொண்டுவர வேண்டிய ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அலையைத் தெரிவுசெய்வதும் அங்கே பாதி வேலை. நீளச் சுவராக வருவதை விட்டுவிட்டு, ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்து வருவதைப் பார்த்திருக்க வேண்டும். கரைவலை இழுக்கிற ஆட்களிடம் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள், அவர்களே கடலில் இறங்காத நாளில் நீங்களும் இறங்கவேண்டாம், தனியே ஒருநாளும் வேண்டாம். 2004க்குப் பிறகு என் அம்மா மாரிக் கடலை நேரே பார்ப்பதே இல்லை, பலகையை எடுத்தால் எங்கே என்று கேட்கமாட்டார், எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேட்பார். அந்த மணிக்கு வந்துவிடுவேன்.

வருகிற சீசனுக்கு எனக்கு ஒன்பது நாள் லீவு இருக்கிறது. முதல் மூன்று நாள் உல்லைப் பக்கத்துப் பீனட் ஃபார்மில், அலை சின்னது, கூட்டத்தில் பழகுகிறவர்கள் அதிகம், சரித்து எழும்புவதும் மேல்கோடும் தவிர வேறொன்றும் இல்லை, பம்ப் அடித்தால் மச்சானுக்கு ஒரு பிளேன்டீ என்று பந்தயம். அடுத்த நாலு நாள் விஸ்கி பொயிண்டில் அரை பொட்டம் டேர்னும் அரை கட்பேக்கும். மெயின் பொயிண்ட் கடைசி இரண்டு நாள், விடிய ஐந்தரைக்கே, கூட்டம் வர முன்னர், அங்கே தேவைப்பட்டால் இரண்டு பம்ப். காசு சேர்ந்தால் ஒரு ஃபிஷ் வாங்கிக்கொண்டு வருவதாக யோசனை. பலகை தேடுகிறவர்கள் புரட்டாதிக் கடைசியில் போனால் ஊருக்குத் திரும்புகிற வெளிநாட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போவார்கள், வாங்க முன்னர் வால்பக்கத்தையும் செட்டை பூட்டுகிற இடத்தையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் உள்ளே தண்ணீர். மட்டக்களப்பு வழியாக பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் ஆறடிக்கு உட்பட்ட பலகை பின்சீற்றுக்கு முன்னால் குறுக்கே படுக்கும். அதற்கு மேல் என்றால் கொண்டக்டர் "இது என்ன தம்பி, கதவா?" என்று கேட்டுவிட்டு அதற்கும் ஒரு டிக்கெட் கிழிப்பார்.